வெள்ளிக்கிழமை முத்திரை

ரப்பர் முத்திரை மணிக்கட்டில் பட்டதும் சில்லென்று இருக்கும். பிறகு அந்த ஊதா மையின் வாடை வீடு வரைக்கும் கூடவே வரும். திருச்சியில், மெயின்கார்டு கேட் பக்கம் அப்போது இருந்த ஒரு தியேட்டரில் புதுப்படம் வரும் வெள்ளிக்கிழமைகளில், மூன்றாவது படித்துக்கொண்டிருந்த என்னை ஸ்கூல் விட்டதும் அம்மா அழைத்துப்போய் "லேடீஸ் க்யூ"வில் நிறுத்திக்கொள்வாள். ஆண்கள் வரிசை தெருமுனை தாண்டி வளைந்து கிடக்கும். பெண்களுக்கு விட்ட கம்பிச் சந்தில் கூட்டம் கம்மி. ஆளுக்கு இரண்டு டிக்கெட்தான். அதே ஆள் திரும்ப வந்து நிற்காமலிருக்கக் கையில் முத்திரை. குழந்தைக்கும் ஓர் ஆள் கணக்கு உண்டு என்பதால்தான் நான்.

நாங்கள் ஒரு படமும் பார்த்ததில்லை. நான்கு டிக்கெட்டையும் எதிரே சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தவரிடம் அம்மா கொடுத்துவிடுவாள். அவர் வாசலில் "பிளாக்"கில் விற்று, அம்மாவுக்கு ஒரு பங்கு தருவார். அதில்தான் என் ஸ்கூல் பீஸ் கட்டினாள் என்பது பின்னால் தெரிந்தது. அப்பாவிடம் மட்டும், "கோயில்ல ரங்கநாயகித் தாயாரைச் சேவிச்சுட்டு வரேங்க" என்று சொல்லியிருப்பாள். ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும்போது, அம்மா மண்டபம் படித்துறையில் பஸ்ஸை விட்டிறங்கி, காவிரி மணலைப் போட்டு என் கையைத் தோல் சிவக்கத் தேய்ப்பாள். மை போகாத இடத்தில் மஞ்சளைப் பூசிவிடுவாள்.

எனக்கு எப்போதும் பயம்தான். அது பெரிதானது, கவுண்டருக்கு மேலே இருந்த போர்டை நான் எழுத்துக்கூட்டிப் படித்த அன்றைக்குத்தான். "டிக்கெட்டுகளைக் கூடுதல் விலைக்கு விற்பது தண்டனைக்குரிய குற்றம்" என்று சத்தமாகவே படித்துவிட்டேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

"நல்லாப் படிக்குதே உம்பொண்ணு," என்றாள் பின்னால் நின்ற பூக்காரம்மா. "போலீஸ் வேலையில சேத்துடு. முதல்ல நம்மளத்தான் புடிச்சுட்டுப் போவா."

வரிசையே சிரித்தது. எனக்கு மட்டும் அழுகை வந்தது. அம்மாவைப் பிடித்துப்போனால் நான் எந்த பஸ்ஸில் ஏறி ஸ்ரீரங்கம் போவேன், அப்பாவிடம் என்ன சொல்வேன் என்று நினைத்து அம்மாவின் புடவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு டிக்கெட்டைக் கைமாற்றிவிட்டு, பங்குக்காகக் காத்து நின்றோம். உள்ளே படம் ஆரம்பிக்கும் மணி அடித்தது. இடுப்பில் பிள்ளையோடு ஒருவர், மூன்று மணி நேரம் நின்றும் கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டே எங்களைத் தாண்டிப்போனார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் ஒரு பெண் போலீஸ் எதிரே வந்து நின்றார்.

"கையக் காட்டும்மா."

எங்களுக்குத் தோன்றவே தோன்றாத விஷயம் அது. கையில் முத்திரை வாங்கியவள் படம் ஆரம்பித்த பிறகு உள்ளே இருக்க வேண்டும். வெளியே நின்றால் அந்தக் கையே சாட்சி. என்னுடையதையும் சேர்த்து இரண்டு கைகள்.

"டிக்கெட் எங்க?"

"நான் ஸ்ரீரங்கம்ங்க. தாயார் கோயிலுக்குப் போகணும்," என்றாள் அம்மா.

"அப்படியா? அந்தத் தாயார் மேல சத்தியமா விக்கலன்னு சொல்லு. விட்டுடறேன்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் ரங்கநாயகியைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். அம்மாவின் உதடு இரண்டு தரம் அசைந்தது. அப்பாவிடம் அத்தனை வெள்ளிக்கிழமை பொய் சொன்னவளுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

"வித்துட்டேங்க," என்றாள்.

ஸ்டேஷனில் பெஞ்சுக்கு அடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா வேலை பார்த்த கடைக்குப் போன் போயிற்று. போலீஸைவிட அப்பா வருவதை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன். வந்தார். எழுதி வாங்கிக்கொண்டு எங்களை விட்டார்கள். பஸ் காவிரிப் பாலம் ஏறியது. அப்பா எங்கள் கைகளைப் பார்த்தபடி கேட்டார்:

"தாயார் பிரசாதம்னு வாராவாரம் கொண்டுவந்து குடுத்தியே, மஞ்சள்காப்பு. அது கடையில வாங்குனதா?"

"இல்லைங்க," என்றாள் அம்மா. "கையக் கழுவிட்டு, இவள வீட்ல விட்டுட்டு, ஓடிப்போய்ச் சேவிச்சுட்டுத்தான் வருவேன். அது மட்டும் பொய்யில்ல."

அப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை.

இப்போது அந்தத் தியேட்டர் இடத்தில் துணிக்கடை. கம்பிச் சந்தும் இல்லை, அந்த மையும் இல்லை. போன மாதம் என் மகள் கச்சேரி ஒன்றுக்கு டிக்கெட் போட்டாள். போனிலேயே வந்தது, பேரோடு. வேறு யாருக்கும் விற்கக் கூடாது, வர முடியாவிட்டால் அவர்களிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தது. சரிதான், அப்போதும் இப்படி இருந்திருந்தால் இடுப்பில் பிள்ளையோடு நின்ற அவர் வெறுங்கையோடு திரும்பியிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கச்சேரி அரங்கின் வாசலில் ஒரு பெண், "கையக் காட்டுங்கம்மா" என்று சொல்லிக் மணிக்கட்டில் காகிதப் பட்டையை ஒட்ட வந்தபோது, என் கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"என்னம்மா, ஊசியா போடுறாங்க?" என்று மகள் சிரித்தாள்.

கையை நீட்டினேன். கச்சேரி முடியும்வரை ஒரு நிமிஷமும் வெளியே போகவில்லை, தண்ணீர் குடிக்கக்கூட.