தேரி மண்ணுக்கு எந்த ஃபில்டர்?

மழைக்காலத்தில் என் பழைய டீசல் பிக்கப்பின் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால், காகித மடிப்புகளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கும். எங்கள் திசையன்விளைப் பக்கம் இதைச் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நமக்கு அந்தப் பெட்டியைத் திறந்தால் செம்மண்தான் கொட்ட வேண்டும். ஆடிக் காற்றில், தேரி என்னும் எங்கள் செம்மணல் மேடுகளின் மணல் கண், காது, சோற்றுத் தட்டு எதையும் விடாது. வண்டியை மட்டும் விட்டுவிடுமா? நான் திருவனந்தபுரம் வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஈரத்துக்குப் பழகிவிட்டேன், அவமானத்துக்குப் பழகவில்லை. இது ஷாஜி என்பவனை நான் பழிவாங்கிய கதை. கடைசியில் திருந்திவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு யாரும் படிக்க வேண்டாம்.

திருவனந்தபுரத்தை ஒட்டிய விழிஞ்ஞத்தில் எங்கள் பிக்கப் ஸ்டாண்டில் ஒருவர் பின் ஒருவராக முறை வைத்துத்தான் ஓட்டம். தமிழ்நாட்டு நம்பரோடு வந்தவனுக்கு முறை கிடைக்காது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அலையாய் அலைந்து கேரளா நம்பர் மாற்றினேன். ஆனால் ஃபில்டரை மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. நம்மூர் டிரைவர்கள் செய்வதுபோல, ஃபில்டரைச் சுற்றிப் பழைய பருத்திச் சேலைத் துண்டு ஒன்றைக் கட்டி வைத்திருந்தேன். தேரியில் அது பெருமண்ணைத் தடுக்கும். வாரம் ஒருமுறை உதறிக் கட்டினால் போதும். மழை பெய்து தீராத ஊரில் அந்தத் துணி என்ன செய்யும் என்று யோசிக்கிற அறிவு எனக்கு இல்லை. இடவப்பாதி என்று இங்கே சொல்கிற பருவமழையின் முதல் பெய்தலிலேயே துணி நனைந்து ஊறி, வண்டிக்கு மூச்சு முட்டி, சிமெண்ட் மூட்டைகளோடு ஏற்றத்தில் கரும்புகை கக்கிக்கொண்டு நின்றது.

உதவ வந்தவன்போல வந்தான் ஷாஜி. ஸ்டாண்டில் அவன் சொல்லுக்குத்தான் மதிப்பு. பெட்டியைத் திறந்து துணியை உருவினான், எல்லோருக்கும் விரித்துக் காட்டினான், ஸ்டாண்டின் கொடிக்கம்பத்தில் கொண்டுபோய்க் கட்டினான். அன்றிலிருந்து என் வண்டிக்கு ‘சேலவண்டி’ என்று பெயர். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். மாலையில் ஹோட்டல் அடுக்களை வேலை முடிந்து அந்த வழியாக வந்த என் மனைவி செல்வி, கம்பத்தில் தன் சேலையைப் பார்த்தாள். மூத்தவள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கட்டிப்போன சேலை அது. அத்தனை ஆண்களும் பார்த்துக்கொண்டிருக்க, முடிச்சை அவிழ்த்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து, “இனி என் துணியக் கேக்காதீங்க” என்றாள்.  அந்த நிமிடத்தில் பற்றிய வன்மம் பத்து வருடம் அணையவே இல்லை.

போன ஆடிக்கு முன்னால் வேளை வந்தது. ஷாஜி என் வண்டி மாதிரியே ஒரு பழைய பிக்கப்பை வாங்கினான். திருவனந்தபுரத்துச் சாலைச் சந்தைக்குத் திசையன்விளையிலிருந்து முருங்கைக்காய் கொண்டுவரும் ஓட்டமும் அவனுக்கு அமைந்தது. உதிரிபாகக் கடையில் இருவரும் ஒரே நேரத்தில் நின்றோம். கடைக்காரர் அவன் முன்னால் இரண்டு ஃபில்டர்களை வைத்தார். ஒன்று, ரப்பர் விளிம்பு மெத்தென்று இருக்கிற அசல். உள்ளே போடும் சின்ன ஃபில்டரும் கூடவே வரும். இன்னொன்று வெறும் காகிதம், விளிம்பு விறைப்பு. கட்டைவிரலால் அழுத்தினாலே எனக்குத் தெரிந்துவிடும். பெட்டியில் சரியாகப் படியாது. அந்த இடுக்கு வழியாகத் தேரி மணல் நேராக எஞ்சினுக்குள் போகும்.

“அண்ணாச்சி, நிங்ஙடெ நாட்டிலெ பொடிக்கு இதில் ஏதா நல்லது?” என்று கேட்டான் ஷாஜி.

கேலி இல்லை, எங்கள் ஊர்ப் புழுதிக்கு எது நல்லது என்று உண்மையாகவே கேட்டான். நான் இரண்டையும் கையில் எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நிதானமாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

“ரெண்டும் ஒண்ணு தன்னெ. இது மதி” என்று, இதுவே போதும் என்கிற தோரணையில் விறைத்த விளிம்புக்காரனை நீட்டினேன்.

கடைக்காரர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். அசலைத் தவிர வேறொன்றை நான் வாங்கியதில்லை என்பது அவருக்குத் தெரியும். பில் போட்டார்.

ஆடி முடிவதற்குள் ஷாஜியின் வண்டி நீலப் புகை விட ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினைப் பிரித்தபோது பார்ப்பதற்கென்றே போய் நின்றேன். காற்று போகும் குழாயின் உட்புறம் முழுக்கச் செம்மண். சிலிண்டரில் கீறல் மேல் கீறல். உள்ளுக்குள் துள்ளினேன். ஷாஜியோ என்னைக் குறை சொல்லவே இல்லை. அந்த நாட்டுப் பொடி அப்படி, அண்ணாச்சி என்ன செய்வார் என்று மெக்கானிக்கிடம் சொன்னான். வண்டி சரியாகும்வரை முருங்கை ஓட்டத்தை அண்ணாச்சிக்கே கொடுங்கள், வழி தெரிந்தவர் என்று ஸ்டாண்டிலும் பேசிவிட்டான்.

வீட்டில் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாராட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

“நீங்கதான் செஞ்சீங்கன்னு அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“பெறகு என்ன பழி” என்று அரிசி களையப் போய்விட்டாள்.

அந்த எரிச்சலோடுதான் முதல் ஓட்டம் போனேன். நான் பிறந்த ஊரிலிருந்து அந்த முருங்கைச் சந்தை கூப்பிடு தூரம். விடிந்ததும் வரிசையில் வண்டியைப் போட்டேன், எனக்கு முன்னால் இரண்டே வண்டிகள். பின்னால் வந்த உள்ளூர் பிக்கப்காரன் என் நம்பர் பலகையைப் பார்த்துவிட்டு ஹாரனை அழுத்தினான்.

“ஏ மலையாளத்தான், வண்டிய ஓரங்கட்டுல. நம்மூரு வண்டி மொதல்ல போட்டும்.”

 கதவைத் திறந்து குதித்தேன். என் அப்பா பெயர், தெரு, எங்கள் கோயில் எல்லாவற்றையும் அவன் முகத்தில் அறைகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“நீ ஆராடா அது பறயான்?”

அதைச் சொல்ல நீ யாரடா என்று, என் வாயிலிருந்து மலையாளம்தான் வந்தது. ஷாஜியின் குரல், ஷாஜியின் இழுப்பு. வரிசையே சிரித்தது. லோடு ஏற்றுகிறவர்கள் என் வண்டியைத் தாண்டிப் போய்விட்டார்கள். கடைசி ஆளாக, தலையிலும் புருவத்திலும் செம்மண்ணோடு, உச்சி வெயில்வரை நின்றேன்.

காத்திருந்த நேரத்தில் அந்த உள்ளூர் பிக்கப்காரன் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். இத்தனை வருடமும் ஷாஜி ஒருவனை நினைத்தே பொழுது ஓடியது. இனி பழிதீர்க்க எல்லைக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். இவனுடைய வண்டியும் பழைய டீசல்தான்.