ஏழாவது ஷெட்டின் கோடு

மோகனப்பிரியா தினமும் ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி நாமக்கல் வருவாள். முட்டைப் பண்ணை அலுவலகத்தில் அவளுக்குத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதே வேலை. ஏழு ஷெட்டுகளின் ரவுட்டர், கேமரா எல்லாம் ஒரு மென்பொருளில் வரிசையாக நிற்கும். உயிரோடிருந்தால் பச்சை, அணைந்தால் சிவப்பு. எந்த ஷெட் எவ்வளவு நெட் இழுக்கிறது என்பதை ஒரு கோடு ஏறி இறங்கிக் காட்டும். கேமராவின் படம் முதலாளி போனில்தான் தெரியும். அவளுக்குக் கோடு மட்டும்.

நாலு பக்கமும் அடைத்த ஷெட்டுகள். விசிறி நின்றால் கோழிக்கு மூச்சு நிற்கும். அதனால் கரண்டு போகும்போதெல்லாம் திரை சிவந்து, முதலாளி சென்னியப்பனுக்கும் ஜெனரேட்டர் மெக்கானிக்குக்கும் போனில் மணியடிக்கும்.

"ஏனம்மிணி, கரண்டு கண்ணைச் சிமிட்டுனாக்கூட எனக்குச் சங்கு ஊதோணுமா? பந்தியில உக்காந்தா எல்லாரும் என் பாக்கெட்டையே பாக்கறாங்க" என்றார் சென்னியப்பன்.

"சரி பண்ணீடறேனுங்க."

ரவுட்டரையும் கேமராவையும் இன்வெர்ட்டர் பேட்டரியில் மாட்ட வைத்தாள். அதன்பின் கரண்டு போனாலும் பச்சை மாறவில்லை. மணி ஓய்ந்தது. ஏழாவது ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் கந்தனிடம் இதைச் சொல்ல வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

சித்திரை மாதத்து மதியம் ஒன்றில் ஏழாவது ஷெட்டின் கோடு திடீரென எகிறியது. கந்தன் ஷெட் நெட்டிலேயே போனில் படம் பார்க்கும் சினிமாப் பைத்தியம் என்பது பண்ணைக்கே தெரியும்.

"ஆரம்பிச்சுட்டாரு" என்று சிரித்தாள் மோகனப்பிரியா.

"நெட்டை அறுத்துடு. எந்திரிச்சு வேலையப் பாப்பாரு" என்றாள் பக்கத்து மேசை சித்ரா.

பாவம், சாப்பாட்டு நேரம் என்று விட்டுவிட்டாள். சற்று நேரத்தில் கோடு தானாக இறங்கி, அவள் இதுவரை பார்த்திராத அளவுக்குத் தாழ்ந்து, நூல் பிடித்தாற்போல் ஓடியது. படம் முடிந்துவிட்டது போலும்.

அப்போதுதான் கந்தனின் மனைவி ஆராயி போனில் கதறினாள். "அம்மிணி, கரண்டு போயிருச்சுங்க. எங்க ஷெட்டு ஜெனரேட்டரு மட்டும் எந்திரிக்கல. அவரு அதோட மல்லுக்கட்டிட்டு கெடக்கறாரு. மெக்கானிக்கு இன்னும் வரலீங்களே, உங்க மிசினு சொல்லலீங்களா?"

திரை பச்சையாகவே இருந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது கூண்டு கூண்டாகக் கோழிகள் கழுத்துத் தொங்கிக் கிடந்தன. கந்தனின் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது.

"மணி அடிச்சிருக்கும், இப்ப வந்துருவாங்கன்னே இருந்தேனுங்க" என்றான், யாரையும் பார்க்காமல்.

சென்னியப்பன் அந்தக் கோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "கோழி சாகறப்ப சினிமா பாத்திருக்கறான் பாரு!"

"அது சினிமா இல்லீங்க" என்றாள் மோகனப்பிரியா. "கேமராவுல அசைவு கூடுனா நெட்டும் கூடுமுங்க. கோழியெல்லாம் ரெக்கையடிச்சதுதான் அந்த ஏத்தம். அடங்குனதுதான் எறக்கம். பேட்டரியில மாட்டுனதும் நாந்தானுங்க."

சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினார். "மாட்டச் சொன்னது நானுன்னு ஆயிரும். வெளிய மூச்சு உடாத. கந்தனாலேயே போச்சுன்னு இருக்கட்டும்."

அந்த வாரமே கந்தனும் ஆராயியும் சாமான்களை டெம்போவில் ஏற்றினார்கள். வேறு பண்ணை சேர்த்துக்கொள்ளாது. கோழியைக் கொன்றவன் என்ற பேச்சு தீவன லாரியோடு அதற்குள் ஊர் சுற்றிவிட்டது.

மோகனப்பிரியா ஆராயியின் கையைப் பிடித்தாள். "அக்கா, தப்பு என்னுதுங்க. நான் எல்லாருகிட்டயும் சொல்றேன்."

ஆராயி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "சொல்லி? உன்னையும் அனுப்புவாங்க சாமி. எங்களைத் திரும்பக் கூப்புடவா போறாங்க?"

டெம்போ அவர்கள் சொந்த ஊரான நாமகிரிப்பேட்டைப் பக்கம் திரும்பியது.