பாக்கெட்டில் போட ஃபியூஸ் இல்லாத இடம்

ஆஸ்டின் டவுனில் பழைய வீடுகளுக்கு வயரிங் பார்த்த காலத்தில் எனக்கு ஒரு பழக்கம். வேலையைத் தொடங்கும் முன் மெயின் போர்டில் இருக்கும் பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கி பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். அது என்னிடம் இருக்கும்வரை யாராலும் கரண்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

"இன்னாபா, எங்க வீட்டு உசுரயே பையில வெச்சிகினு சுத்துற?" என்று ஒரு வீட்டம்மா கேட்டார். எனக்கு ரொம்பப் பிடித்துப்போன பேச்சு அது. இன்றுவரை பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்று மட்டும் சரியாகச் சிரிக்க முடியவில்லை. கரண்ட் என்றால் எனக்கு அப்படி ஒரு பயம்.

அந்தப் பயத்தையும் கூட்டிக்கொண்டுதான் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வேலை கேட்டுப் போனேன். மாதச் சம்பளம். எலெக்ட்ரிக் கடை வாசலில் நின்று யாராவது கூப்பிடுவார்களா என்று பார்க்க வேண்டாம். "ஒரு நாள் செஞ்சு காட்டு, அப்பறம் பாக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். கோலார் பக்கத்து ஆள், தமிழும் கன்னடமும் சேர்த்தே பேசுவார்.

ஆறாவது மாடி வீடு ஒன்றில் பிரேக்கர் பெட்டியே கருகியிருந்தது. அதை மாற்ற வேண்டுமானால் பேஸ்மென்ட் மீட்டர் ரூமில்தான் கரண்டை நிறுத்த வேண்டும். அந்த வீட்டுக்கான பிரேக்கரைக் கீழே இறக்கினேன். கையோடு எதுவும் வரவில்லை. யார் வேண்டுமானாலும் ஒற்றை விரலால் மேலே தள்ளிவிடலாம். வெறும் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே படியேறினேன்.

மேலே டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. பெட்டியின் மூடியைக் கழற்றினேன். ஸ்க்ரூ டிரைவரை வயரிடம் கொண்டுபோனவன், என்ன தோன்றியதோ, இன்னொரு முறை டெஸ்டரை வைத்தேன்.

எரிந்தது.

சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டேன். பிறகு மீட்டர் ரூமுக்கு இறங்கிப் போனேன்.

"ஆறாவது மாடி சார் ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணாருண்ணா, வீட்டு கேமரா ஆஃப் ஆயிருச்சாம். பிரேக்கர் கீழ இருந்துச்சு, ஏத்திட்டேன்" என்றார் செக்யூரிட்டி. நல்லது செய்த முகம்.

சூப்பர்வைசர் வந்தார். "ஹெதர்கோபேடப்பா, பயப்படாத! ஏத்துனா மறுபடி எறக்கு. பயந்தா இந்த வேல ஆகுமா?"

"ரூமப் பூட்டி சாவிய எங்கிட்ட குடுங்க சார். இல்லன்னா நான் கெளம்புறேன்."

"நேத்து வேல கேட்டு வந்தவன் இதெல்லாம் கேக்கலயே."

"அவர் இன்னிக்கு வரலியே சார்?"

"அட, அவனுக்கு வேற எடத்துல வேல கெடச்சிருச்சுய்யா!"

செக்யூரிட்டி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வேலை போச்சு என்றே நினைத்தேன். ஆனாலும் சாவிக்காக நீட்டிய கையை மடக்கவில்லை. சூப்பர்வைசர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ரூமைப் பூட்டிச் சாவியை என் கையில் வைத்தார்.

மாலையில் அந்த வீட்டில் விளக்கு எரிந்தது. "நாளையிலேர்ந்து வா" என்றார் சூப்பர்வைசர். "பயம் இருந்தா இருக்கட்டும். வீட்டுக்காரங்க எதிர்ல மட்டும் காட்டாத, அவங்களும் பயந்துடுவாங்க."

பஸ் நிறுத்தத்திலிருந்து மனைவிக்குப் போன் செய்தேன்.

"வேல?"

"கெடச்சிடுச்சு."

"அப்பறம் ஏன் கொரலு இப்டி கீது?"

பஸ் சத்தம் என்றேன். பஸ் இன்னும் வரவில்லை.