சாவியோடு மீட்டிங்குக்குப் போன குல்கர்ணி

போசரி ஆபீஸில் எங்கள் விர்ச்சுவல் மிஷின், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர், ஒரு வாரமாக ஆமை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிராசஸர் கூட்டினால் இன்னும் மெதுவானது.

லேபுக்கு ஒரே சாவி. அதை வைத்திருந்த குல்கர்ணியை இன்று மேனேஜர் பாதி வேலையில் மீட்டிங்குக்கு இழுத்துப் போனார். இதோ வந்துவிடுவான் என்று நாங்கள் சாய் குடிக்கக்கூடப் போகாமல் கதவருகிலேயே நின்றோம்.

அப்போதுதான் பொறி தட்டியது. பக்கத்தில் நின்ற கவிதாவிடம் சொன்னேன்:

"நம்ம மிஷின்லயும் இதேதான். ஒரு நேரத்துல ஒரு வேலைதான் பொதுத் தகவலைத் தொடணும்னு பூட்டு வெச்சிருக்கோம்; அந்தப் பூட்டைப் பிடிச்ச வேலையைப் பாதியில நிறுத்தி, வேற வேலைக்கு முறை கொடுக்கறோம். பூட்டு கிடைக்காம மத்ததெல்லாம் சும்மா காத்து நிக்குது."

"அப்ப பூட்டை விடுற வரைக்கும் அதை நிறுத்த வேண்டாம்," என்றாள்.

சாயங்காலம் குல்கர்ணி வந்து கதவைத் திறந்ததும் அப்படியே மாற்றினோம். இப்போது ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் பிராசஸர் கூட்டவும் தைரியம் வருகிறது.

மிஷினுக்குச் சொன்னதும் புரிந்துவிட்டது. மேனேஜருக்குப் புரியவைக்க யாராவது வழி சொல்லுங்கள். குல்கர்ணி மறுபடியும் மீட்டிங்கில் இருக்கிறான், சாவியோடு.