நைனாவுக்கு வாங்கிய நாற்காலி

டாசன் அம்மாவுக்கு எண்பத்தோரு வயது. காலையில் கம்பளிச் சட்டையின் ஆறு பொத்தான்களைப் போட்டு முடிக்க அவருக்கு முழுசாக அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். தொடக்கூடாது. பொத்தான் நழுவும், விரல் நடுங்கும், மேசையில் டீ ஆறிப்போகும், அப்போதும் தொடக்கூடாது. எங்கள் வார்டு சிஸ்டரின் உத்தரவு அது. இங்கிலாந்து ஆஸ்பத்திரியின் இந்த முதியோர் வார்டுக்கு மாற்றலாகி வந்த முதல் நாள் எனக்கு இது தெரியாது. குனிந்து மேல் பொத்தானைப் போட்டுவிட்டேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். கோபப்படுகிறாரே என்று, "என் அப்பாவாக இருந்தாலும் இப்படித்தான் செய்வேன், தப்பாக நினைக்காதீர்கள்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "அப்படியானால் உன் அப்பா பாவம்" என்றார் டாசன் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவர்களை ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூங்கொத்தோடு எட்டிப்பார்க்கிற ஜனங்கள் என் அப்பாவுக்காகப் பரிதாபப்படுவதா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். காஞ்சிபுரத்துக்கு மேற்கே தாமல் ஏரியில் அவர் நீர்கட்டி. மதகைத் திறந்து, யார் வயலுக்கு எந்த நேரம் தண்ணீர் என்று பார்த்துப் பாய்ச்சி, மறுபடி அடைக்கிற வேலை. விடிவதற்கு முன்னால் மண்வெட்டியோடு கரையேறினால் வெயில் ஏறிய பிறகுதான் வீடு. ஏரிக்கரையின் நீளம் முழுக்க அவர் கால்களுக்குத்தான் தெரியும். தண்ணீரைக் கொண்டுவந்து விடுகிறவர் என்றாலும் நிலக்கார ஆண்டைகளின் வீட்டு வாசலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டே பேசுவார், கைகளைக் கட்டிக்கொண்டு. அவர்கள் தெருவில் போனால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து நிற்பார். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு முடித்து, அறுபதுகளின் கடைசியில் நான் இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது எனக்கு இருந்தது ஒரே ஆசை. நைனாவை உட்கார வைத்துச் சோறு போட வேண்டும். நம் பக்கத்தில் ஒரு பிள்ளை தலையெடுத்துவிட்டது என்பதற்கு இதைவிடப் பெரிய அடையாளம் உண்டா?

மூன்று வருடம் கழித்து முதல் விடுப்பில் போனேன். காஞ்சிபுரத்தில் பெட்டி படுக்கையை இறக்கியதும் முதல் காரியமாக ஒரு சாய்வு நாற்காலி வாங்கினேன். நீல நிறக் கித்தான், தேக்குச் சட்டம். அதை பஸ்ஸின் மேலே ஏற்றி, தாமலில் இறக்கி, தம்பி தலையில் தூக்கி வந்தான். நைனாவுக்கு அப்போது அறுபத்தைந்து இருக்கும். லேசாக மூச்சு வாங்கும், மற்றபடி திடமாகத்தான் இருந்தார். கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து ஓர் ஆண்டை சைக்கிளில் எங்கள் வீட்டைக் கடந்தார். நைனா பழக்கத்தில் விருட்டென்று எழுந்தார். நான் இரண்டு கைகளாலும் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தேன்.

"உக்காரு நைனா. இனிமே யாருக்காகவும் நீ எழுந்திருக்கக் கூடாது."

சைக்கிள் போய்விட்டது. நைனா என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். என் வாழ்நாளிலேயே அதுதான் பெரிய நாள் என்று நினைத்தேன். மதகு வேலை தம்பிக்குப் போயிற்று. "நைனா ஒரு துரும்பக் கூட தூக்கக் கூடாது" என்று தம்பி மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். அவளும் தங்கமான பெண். குளிக்கத் தண்ணீர், சோறு, வெற்றிலை எல்லாம் நாற்காலிக்கே வந்தன. "நைனா ராஜா மாதிரி உக்காந்துக்கினு இருக்காரு" என்று தம்பி எழுதுவான். அதைப் படித்துவிட்டு டூட்டிக்குப் போனால் குளிர்கூட உறைக்காது.

பிறகுதான் இந்த வார்டு. நான் படித்த காலத்தில் வயதானவர்களுக்கு ஓய்வே மருந்து என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆன கிழவியை மறுநாளே எழுப்பி நிறுத்துகிறார்கள். கல்நெஞ்சம் என்று நினைத்தேன். ஒருநாள் புதிதாக வந்த ஒரு கிழவரின் போர்வையை டாக்டர் விலக்கிக் காட்டினார். மகள் அன்பாகக் கவனித்துக்கொண்டாளாம், நாற்காலியை விட்டு எழவே விடவில்லையாம். தொடைகள் குச்சியாக இருந்தன. உட்கார்ந்தே இருந்தால் கால்கள் போகும், பிறகு நெஞ்சில் சளி கட்டும், பிறகு ஆளே போய்விடும் என்றார் டாக்டர். போர்வையைத் திரும்பப் போர்த்த எனக்குக் கை வரவில்லை. அன்றே தம்பிக்கு எழுதினேன். நைனாவைத் தினமும் கரைவரை நடத்திக் கூட்டிப் போ, அவர் வேலையை அவரே செய்யட்டும் என்று.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. "அக்கா, நீ சொல்றது எனுக்கு ஒண்ணும் புரியல. நீதான உக்கார வெச்ச? இப்ப நடக்க வுட்டா, மவ வெள்ளக்காரியா மாறிட்டா, அப்பன மறுபடி கரைக்கு தொரத்தறான்னு ஊரே காறித் துப்பும். நைனாவும் மாட்டேங்கறாரு." திரும்பத் திரும்ப எழுதினேன். பதில்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. எனக்கு அடுத்த விடுப்பு கிடைக்க இன்னும் ஒன்றரை வருடம் ஆயிற்று.

போனபோது நீலக் கித்தான் வெளுத்து நடுவில் குழிந்திருந்தது. அந்தக் குழியில் நைனா இருந்தார். வேட்டியை விலக்கிப் பார்த்தேன். அந்த இங்கிலீஷ் கிழவரின் அதே தொடைகள். முதுகின் அடியில் புண். எனக்குப் பைத்தியம் பிடித்தாற்போல் ஆகிவிட்டது. வார்டில் செய்வதுபோல அவர் இடுப்பில் துணியைச் சுற்றிப் பிடித்துத் தூக்கினேன். எழுந்தார். முழங்கால்கள் இரண்டும் உதறின. ஓர் அடிகூட எடுக்க முடியாமல் என்மேல் சரிந்தார். தினமும் காலையும் மாலையும் முயன்றேன். ஒருநாள் அவர் அழுதுவிட்டார்.

"வலிக்குதும்மா, வுட்டுடு. நீதானம்மா எழுந்திருக்கக் கூடாதுன்னு சொன்ன. நான் யாருக்குமே எழுந்திருக்கல. ஆண்டை வந்து விசாரிச்சப்பக் கூட உக்காந்துக்கினேதான் பேசினேன்."

சொல்லும்போது அவர் முகத்தில் அந்தப் பெருமை இருந்தது. என் பேச்சை ஒரு நாள்கூடத் தட்டாமல் காப்பாற்றியிருக்கிறார். அவரை நாற்காலியில் மெதுவாக இறக்கி உட்கார வைத்தேன். விடுப்பு முடிந்து இங்கே வந்து சேர்ந்த ஆறாம் நாள் தந்தி வந்தது. நெஞ்சில் சளி. அடக்கம் முடிந்த பிறகுதான் அது என் கைக்குக் கிடைத்தது.

நாற்காலியை என்ன செய்வது என்று தம்பி கேட்டு எழுதியிருக்கிறான். இன்னும் பதில் போடவில்லை. இன்று காலை டாசன் அம்மா ஐந்து பொத்தான்களைப் போட்டுவிட்டு ஆறாவதைத் தேடிக்கொண்டிருந்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆண்டை வீட்டு வாசலில் நைனா நிற்பாரே, அப்படி நின்றிருந்தேன். ஆறாவதும் மாட்டியது. அவர் நாற்காலியின் பிடியை இறுக்கி, முனகிக்கொண்டே எழுந்து நின்று, ஜெயித்துவிட்டவரைப்போல் என்னைப் பார்த்தார். என் கைகள் மட்டும் இன்னும் பின்னால், ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. விட்டால் தாமலுக்கே ஓடிப்போய் அந்தத் தோள்களை மறுபடி அழுத்திவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது.