நடக்காமல் வரைந்த ஆறு

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு அது. மலாக்காவில், காஜா பேராங்கில் குடியிருந்தேன். அரசாங்க அலுவலகம் ஒன்றில் நிலப்படம் வரையும் வேலை. குருபோங்கைத் தாண்டி ஓடும் ஒரு சின்ன ஆற்றை நேரில் பார்த்துப் புதுப்படம் வரைந்து வரச் சொன்னார்கள்.

ஆறு என்றுதான் பெயர். முழுக்க நடந்தால் அரை நாள் ஆகும். ரப்பர் மேட்டில் ஊற்றாகப் பிறந்து, வயல்களைச் சுற்றிக்கொண்டு, பெரிய ஆற்றில் போய் விழும். பாதி வழியிலேயே காலெல்லாம் அட்டை. திரும்பிவிடலாம் என்று சைக்கிளை எடுத்தபோது, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு வந்த ஒரு பெண் நிறுத்தினார்.

“தம்பி, முன்ன ஆறு அந்தப் பள்ளத்துலதான் ஓடிச்சி. மரம் நடணும்னு தோட்டத்துத் தொர கரையப் போட்டுத் திருப்பிட்டாரு. எங்கப்பாவும் மண்ணு சொமந்தவருதான். வந்து பாருங்க, தோண்டினா இன்னும் மணலு.”

“வெள்ளக்காரன் போட்ட படத்துல அப்படி இல்லையே அக்கா.”

“அவன் இங்க வந்து நடந்தானா?”

சிரித்துவிட்டுக் கிளம்பினேன். மீதி ஆற்றைப் பழைய படத்தைப் பார்த்து மேசையிலேயே வரைந்து முடித்தேன். அந்தப் பள்ளத்துக்கு, அதில் இருந்தபடியே ‘மேட்டு நிலம்’ என்று எழுதினேன்.

சில மாதங்களில் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. தோட்டத்து லயத்து வீடுகளைவிட்டு வெளியேறிய ஏழு குடும்பங்களுக்கு அந்த ‘மேட்டு நிலத்தில்’தான் இடம் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணின் குடும்பமும் அதில் ஒன்று. அங்கே வேண்டாம் என்று அவர் எவ்வளவோ வாதாடியிருக்கிறார். அதிகாரி என் படத்தை விரித்துக் காட்டி அவர் வாயை அடைத்துவிட்டாராம்.

ஆண்டுக் கடைசி மழையில் கரை உடைந்தது. ஆறு தன் பழைய வழியிலேயே வந்தது. நோயில் படுத்திருந்த அவர் கணவரை வெளியே தூக்குவதற்குள் வீடு சரிந்துவிட்டது.

செய்தி கேட்டு ஓடினேன். சேற்றில் நின்றுகொண்டிருந்தவரிடம், “அந்தப் படத்த வரைஞ்சது நான்தான் அக்கா” என்றேன்.



“தெரியும். அன்னிக்கி ஒங்க கையப் புடிச்சி இழுத்துக்கிட்டுப் போயிருக்கணும். விட்டுட்டேனே.”

அடுத்த வாரம் பழைய தடம் முழுவதும் நடந்து, திருத்திய படத்தைக் கொடுத்தேன். அதிகாரி வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்குப் பதவி உயர்வுகூட வந்தது.

அவர் என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை காலப்போக்கில் ஆறியிருக்கும். என் பிழையைத் தன் பிழையாக எடுத்துக்கொண்டு போனவரிடமிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள இந்த வயதுவரை எனக்கு வழி தெரியவில்லை.