ரஃபாவில் புரட்டாசி

எங்கள் அடுக்ககத்தின் லிஃப்டுக்குள் போன வாரம் ஒரு தாள் ஒட்டினார்கள். புரட்டாசி சனிக்கிழமைகளில் ‘கோவிந்தா’ போட்டுக்கொண்டு அரிசி கேட்டு வருகிறவர்களை வாட்ச்மேன் உள்ளே விடக் கூடாதாம். பாதுகாப்புக் காரணமாம். தெலுங்கில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம். ஊர் எது? திருப்பதி! ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது என்று சொல்லித்தானே ஐயா ஒவ்வொரு ஃபிளாட்டையும் விற்றீர்கள்? மலைமேல் இருக்கிறவர் பேரைச் சொல்லி வாசலில் நின்றால் மட்டும் திருடனா? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளை அப்போதே கிழித்திருப்பேன். லிஃப்டில் கேமரா வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் தெற்கத்திக்காரர் என்றால் இந்த வழக்கம் தெரிந்திருக்காது. எங்கள் நகரி, புத்தூர்ப் பக்கத்தில் பெருமாளைக் கும்பிடுகிற குடும்பங்களில், எத்தனை பெரிய பணக்காரனானாலும் புரட்டாசிச் சனிக்கிழமை குளித்து, நாமம் இட்டு, செம்பைக் கையிலேந்தி, பிறத்தியார் வீட்டு வாசலில் நின்று ‘கோவிந்தா’ என்று கூவ வேண்டும். அவர்கள் போடும் அரிசியில்தான் அன்றைக்குப் பெருமாளுக்குப் பொங்கல். போடுகிறவர்களுக்கும் ஒரு விதி உண்டு. யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்கக் கூடாது. இல்லை என்றும் சொல்லக் கூடாது. தாளை ஒட்டினவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது! நான் பாலைவனத்தில் கோவிந்தா போட்டவன்.

சிரிக்காதீர்கள். பல தேசத்துப் பட்டாளங்கள் நீலத் தொப்பியை மாட்டிக்கொண்டு, காஸா பக்கம் இரண்டு சண்டைக்காரர்களுக்கு நடுவே நின்ற காலம் அது. நம் நாட்டிலிருந்தும் ஆள் அனுப்பினார்கள். நான் பட்டாளத்தில் லாரி டிரைவர். ரஃபா என்கிற இடத்தில், எல்லா நாட்டு முகாம்களுக்கும் ரேஷன் அனுப்புகிற கிடங்கு எங்கள் வசம். பம்பாயில் கப்பல் ஏறியது முதல் வாந்தி. இறங்கியதும் மணல். சோற்றில் மணல், போர்வையில் மணல், காதுக்குள் மணல். போதாக்குறைக்குப் பக்கத்துக் கட்டிலில் முனிரத்னம் நாயுடு.

அந்தப் பெயரை எழுதும்போதே இன்றைக்கும் எனக்குப் பல் நறநறக்கிறது. கிடங்கில் மூட்டை இறக்கிக் கணக்குப் பார்க்கிற வேலை அவனுக்கு. பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தெலுங்கன். என் ஊர் நகரிப் பக்கம். இரண்டுக்கும் இடையே ஓர் ஆறும் கொஞ்சம் கரும்புக் கொல்லையும்தான். ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்துவிட்டது, எல்லை மட்டும் தீரவில்லை. எந்தத் தாலுகா எவனுக்கு என்று ஊரெங்கும் அடிதடி. ரயில் ஸ்டேஷன் பலகையில் இவன் தாரைப் பூசினால் மறுநாள் அவன் பூசுவான். என் நைனா தமிழ்க் கட்சிக்காரர்களோடு கொடி பிடித்துக்கொண்டு நடந்தவர். நாயுடுவின் அண்ணன் எதிர்க்கொடி. இப்படிப்பட்ட இருவரைக் கடல் கடந்து கொண்டுபோய்ப் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள் பாருங்கள், அந்தப் புண்ணியவானை என்ன சொல்ல!

வந்த முதல் வாரமே நாயுடு சாக்பீஸை எடுத்து இரண்டு கட்டிலுக்கும் நடுவே தரையில் ஒரு கோடு இழுத்தான். தமிழனை ‘அரவோடு’ என்று வைவது தெலுங்கர்கள் வழக்கம்.

“ஒரேய் அரவோடா, இந்தக் கோட்டுக்கு அந்தாண்ட உன் மெட்ராசு. இந்தாண்ட கால் வெச்ச, ஒடிச்சுடுவேன்.”

“கொல்டிப் பயலே, கோடு போட நீ யார்றா? திருத்தணியும் எங்களுது, நகரியும் எங்களுது. திருப்பதியவே கேட்டுக்கினு இருக்கோம்!”

“கேளு, கேளு. மெட்ராசையே விட்டுக் குடுத்துட்டுப் பாவமேன்னு நிக்கறோம் நாங்க.”

குளிர் காலத்துக்கு இரண்டு கட்டிலுக்கு ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு கொடுத்தார்கள். அது கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று ஆரம்பித்த தகராறில் அவன் உதட்டை நான் கிழித்தேன், என் பல்லை அவன் ஆட்டினான். எங்கள் சுபேதார் மலைநாட்டு வடக்கத்திக்காரர். அவருக்கு எங்கள் இருவருக்கும் வித்தியாசமே தெரியாது. “தோனோ மதராசி!” என்று கத்தினார், இரண்டு பேருமே மதராசியாம். “நான் மதராசி இல்ல சாப்!” என்று நாயுடு துள்ளினான். தமிழன் நானும் அப்போது ஆந்திரக்காரன்தானே, எனக்கும் அந்தப் பேர் செல்லாது என்று நான் குறுக்கே பாய்ந்தேன். அவருக்குத் தலை சுற்றிவிட்டது. இன்னொரு அடிதடி என்று காதில் விழுந்தால் இருவரையும் அடுத்த கப்பலில் ஊருக்கு ஏற்றிவிடுவேன் என்று தீர்ப்புச் சொன்னார்.

முதலில் எனக்கு அது தண்டனையாகவே படவில்லை. போனால் சனியன் விட்டது என்றிருந்தேன். அப்புறம் ஆரஞ்சு பழுத்தது.

காஸா ஆரஞ்சு மாதிரி ஒன்றை நான் அதற்குமுன் கண்டதுமில்லை, இன்றுவரை தின்றதுமில்லை. ரேஷன் லாரியை ஓட்டிக்கொண்டு போகும்போதே பாதையின் இரு பக்கமும் வாசனை தூக்கும். தோட்டக்காரர்கள் “யா ஹிந்தி!”, ஏ இந்தியாக்காரா, என்று கூப்பிட்டு மடி நிறையப் போடுவார்கள். பின்னால் நாயுடு உட்கார்ந்து உரித்துத் தின்பான், நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தின்பேன். ஆரஞ்சைத் தொடர்ந்து கடல். நகரிக்காரனுக்குக் கடலாவது ஒன்றாவது! அங்கேதான் நீச்சல் பழகினேன். பிரேசில்காரன் முகாமில் கஷாயம் மாதிரிக் காப்பி தருவான். ஸ்வீடன்காரன் பனிக்கட்டி மாதிரி வெள்ளையாக இருந்துகொண்டு, வெயிலில் வேண்டுமென்றே படுத்துத் தன்னை வறுத்துக்கொள்வான். கடைத்தெருவில் ஒரு கிழவர் கொண்டைக்கடலையை அரைத்து வடை சுடுவார்.

அந்த வடையை முதன்முதலாகக் கடித்தபோது என் மனசுக்குள் ஒரு குதூகலம். யாரிடமாவது சொல்ல வேண்டும். சுற்றிப் பார்த்தால் பஞ்சாபிகள், மலைக்காரர்கள். எங்கள் ஊர் வடை எப்படியிருக்கும் என்று தெரிந்த ஒரே ஜீவன் அந்தப் பாழாய்ப்போன நாயுடு.

“டேய், இது நம்ம ஊரு மசால் வடையாட்டம் இல்ல?” என்றேன் வேறு வழியில்லாமல்.

“புத்தூர் ஸ்டேஷன் வடையாட்டம்” என்றான் அவன்.

“நகரி வடை.”

“புத்தூர்னு சொன்னேன்ல.”

அதற்கும் சண்டைதான். ஆனால் குரல் தாழ்த்திச் சண்டை போட்டோம். சுபேதாருக்குக் காது கூர்மை. அப்போதுதான் எனக்கே உறைத்தது, எனக்குக் கப்பல் ஏறப் பயமாக இருக்கிறது. ஊரில் என்ன இருந்தது? தாரும் கொடியும் கல்லும். ‘நீ எந்தப் பக்கம்டா’ என்கிற ஒரே கேள்வி. இங்கே உலகத்துப் பயலெல்லாம் என்னைப் பார்த்துக் கை ஆட்டுகிறான். எனக்கு இந்த வாழ்க்கை பிடித்துப் போய்விட்டது, அதை யாரும் பிடுங்கிவிடக் கூடாது. நாயுடுவுக்கும் அதே பயம் என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இருவரும் ஒருவரையொருவர் திட்டுவதை விடவில்லை. கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டோம்.

புரட்டாசி வந்தது. எங்கே இருந்தாலும் ஒரு சனிக்கிழமையாவது கோவிந்தா போட்டுவிடு என்று நைனா ஊரிலேயே சத்தியம் வாங்கியிருந்தார். விடியற்காலையில் குளித்தேன். நாமத்துக்குத் திருமண் எங்கே கிடைக்கும்? பல்பொடியைக் குழைத்து வெள்ளைக் கோடு இரண்டு போட்டேன். நடுவே சிவப்புக்கு, லாரியின் பின்பக்கம் அடிக்க வைத்திருந்த பெயிண்டைத் தீக்குச்சியால் தொட்டு இழுத்தேன். தகரக் குவளையை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனால், அங்கே இன்னொரு நாமம் நிற்கிறது! அதே பல்பொடி, அதே பெயிண்ட்.

“ஏந்திரா, நீயா?” என்றான் நாயுடு.

சமையல்காரன் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தான். இரண்டாம் தடவை சோறு கேட்கிறோம் என்று நினைத்துக் கரண்டியை ஓங்கினான். முகாமில் கேட்கிறவர்கள் இரண்டு பேர், போடத் தெரிந்தவன் ஒருத்தனுமில்லை. கிடங்கில் மூட்டை மூட்டையாக அரிசி உண்டு, ஆனால் அது சர்க்கார் அரிசி. சாவி நாயுடுவின் இடுப்பில் தொங்கியது. இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை. பெருமாளுக்குத் திருட்டு அரிசியில் பொங்குவார்களா?

ரேஷன் லாரியை எடுத்தோம். முகாம் முகாமாகச் சாமான் இறக்கிய கையோடு, கோவிந்தா போட்டோம். எல்லையைக் காவல் காத்த அந்த வெள்ளைக்காரப் பையன்கள் எங்கள் நெற்றியைப் பார்த்து என்ன நினைத்தார்களோ! பிரேசில்காரன் மறு பேச்சில்லாமல் அரிசி போட்டான், மேலே ஒரு கை கறுப்புப் பயறும் போட்டான். ஸ்வீடன்காரன் இரண்டு உருளைக்கிழங்கு. வடைக்கிழவர் ஒரு கை கொண்டைக்கடலை. யுகோஸ்லாவ் முகாமில்தான் விபரீதம். அந்தத் தடியன் எங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் குவளைக்குள் ஒரு சின்னச் சாராய பாட்டிலைச் செருகிவிட்டான்.

லாரியை ஓரங்கட்டினேன். “தூக்கிப் போட்டுடறேன்” என்றேன்.

“போடாத! குவளையில விழுந்தது பெருமாளுது” என்றான் நாயுடு.

“பெருமாள் சாராயம் குடிப்பாராடா?”

“வந்தத வாணாம்னு சொல்ல நீ யாரு? உங்க அரவ ஊர்ல இதான் பக்தியா?”

“எங்க ஊரப் பத்திப் பேசாத! உங்க அண்ணன் எங்க நைனாவக் கல்லால அடிச்சவன்!”

அது உண்மை. அவ்வளவு நாளும் இருவரும் வாயைத் திறக்காமல் வைத்திருந்த உண்மை. நான் அவன் சட்டையைப் பிடித்தேன், அவன் என் கழுத்தைப் பிடித்தான். பத்து மாதத்து ஆத்திரமும் என் கையில் இருந்தது. ஓங்கின கை இறங்குவதற்குள் மணலைக் கிளப்பிக்கொண்டு ஒரு ஜீப் வந்து நின்றது. சுபேதார்.

கப்பல் என் கண் முன்னால் வந்து நின்றது. ஆரஞ்சு போச்சு, கடல் போச்சு.

நாயுடு என் கழுத்தை விட்டான். கீழே கிடந்த குவளையை எடுத்து, ஜீப்புக்கு நேராக நீட்டி, தொண்டை கிழியக் கூவினான்: “கோவிந்தா!”

நானும் குவளையை நீட்டினேன். “கோவிந்தா! கோவிந்தா!”

சுபேதார் எங்களைப் பார்த்தார். கசங்கின சட்டை, வியர்வையில் வழிகிற பல்பொடி, நீட்டின குவளை. என்ன புரிந்ததோ, ஜீப்பிலிருந்து இறங்கி பூட்ஸைக் கழற்றினார். அந்தச் சுடுமணலில் வெறுங்காலோடு வந்து, சட்டைப் பையில் தின்பதற்கு வைத்திருந்த உலர்ந்த திராட்சையை ஆளுக்கு ஒரு கை போட்டுவிட்டு, கைகூப்பினார். திரும்ப ஏறும்போது, “தோனோ மதராசி பாகல்” என்றார். இரண்டு மதராசியும் பைத்தியமாம்.

அன்று நாங்கள் பொங்கினதில் அரிசி, கறுப்புப் பயறு, கடலை, உருளைக்கிழங்கு, திராட்சை எல்லாம் இருந்தன. அப்படி ஒரு பொங்கலைப் பெருமாள் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். பாட்டிலைப் பற்றிக் கேட்காதீர்கள். பல்பொடி கழுவினதும் போயிற்று. பெயிண்ட் ஒரு வாரம் போகவில்லை. சிவப்புக் கோட்டோடு இருவரும் பரேடில் நின்றோம்.

ஊருக்குத் திரும்பின பிறகு எல்லை தீர்ந்தது. தீர்ந்த லட்சணத்தைக் கேளுங்கள். தெலுங்கன் நாயுடுவின் ஊர் மெட்ராசுக்குப் போயிற்று. தமிழன் என் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. நைனா மூன்று வேளை சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எங்கள் தெருவில் அப்போது பள்ளிப்பட்டுப் பேரைச் சொன்னாலே செருப்பு வரும்.

அந்த வருஷம் புரட்டாசிச் சனிக்கிழமை, எங்கள் வாசலில் “கோவிந்தா!” என்று ஒரு குரல். அதே தகரக் குவளை. அதே நாயுடு. எல்லை தாண்டி பஸ்ஸில் வந்திருக்கிறான், கிராதகன்! தெருவே கூடிவிட்டது. ஒருவன் கல்லை எடுத்தான். நைனா வாசற்படியில் வந்து நின்றார். அவன் யாரென்று நைனாவுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அண்ணன் ஜாடை அப்படியே முகத்தில்.

“கோவிந்தா!” என்றான் நாயுடு மறுபடி.

நைனா உள்ளே போனார். தடியை எடுக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். முறம் நிறைய அரிசியோடு வந்தார். குவளை வழிந்து கீழே கொட்டுகிற வரைக்கும் போட்டார்.

“பெருமாளுக்குப் போடறேன். உனக்கில்ல. எட்த்துக்கினு போடா நாயே!”

“பெருமாளுக்குத்தான் கேட்டேன் பெத்தாயனா. உன் மூஞ்சிக்கா கேட்டேன்?” என்றான் அவன்.

கல்லை எடுத்தவன் அதைக் கீழே போட்டான். அடுத்த சனிக்கிழமை நான் அவன் ஊருக்குப் போனேன். அவன் அண்ணன் என்னை நாறத் திட்டிவிட்டு, படி நிறைய அளந்து போட்டான். அப்புறம் எத்தனை புரட்டாசி! அவன் வந்து ‘எங்க ஆந்திரால குடியிருக்கிற அரவோடா’ என்பான். ‘எங்க மெட்ராசுல துன்னுக்கினு இருக்கிற கொல்டி’ என்பேன். ஒரு தரம்கூட நாங்கள் சமாதானமாகப் பேசிக்கொண்டதில்லை. ஒரு தரம்கூட வெறுங்கையோடு போனதுமில்லை. அவன் போய்ச் சேர்ந்த பிறகு அவன் பிள்ளை இங்கே வரவில்லை, என் பிள்ளை அங்கே போகவில்லை. போவதற்கு அவர்களுக்கு ஒரு விரோதமும் இல்லை.

நேற்று சனிக்கிழமை. தாள் வெளியிலிருந்து வருகிறவர்களைத்தானே தடுக்கிறது? நான் உள்ளேயே இருக்கிறவன். குளித்தேன், நாமம் இட்டேன், ரஃபா குவளையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மாடியாக இறங்கி, கதவுக்குக் கதவு நின்று கூவினேன். உள்ளே டி.வி. சத்தம் நின்றது. கதவிலிருந்த கண்ணாடித் துளை இருண்டது, மறுபடி வெளிச்சமானது. செருப்புக் கால்கள் ஓசையில்லாமல் திரும்பிப் போயின. நாலாம் மாடியில் ஒரு பெண்பிள்ளை சங்கிலியைப் போட்டபடி கதவை இரண்டு விரற்கடை திறந்து, “டெலிவரியா தாத்தா?” என்றது.

காலிக் குவளையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அத்தனை கதவில் ஒருவராவது வெளியே வந்து, எட்த்துக்கினு போடா நாயே என்று சொல்லியிருக்கலாம்.